காகிதத்துப் பொருத்தமும் உள்ளத்து ஆறுதலும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பிக்கின்றேன்.

 

திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இன்று முதலில் வந்து சேர்வது மாப்பிள்ளை அல்ல. மாப்பிள்ளையைப் பற்றிய காகிதம். வயது, உயரம், படிப்பு, தொழில், சம்பளம், சொந்த வீடு, குடும்பப் பின்னணி யாவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகின்றன. தரகர் கையிலும் அது இருக்கிறது, கைத்தொலைபேசியிலும் அது இருக்கிறது. அந்தக் காகிதத்தில் எல்லாம் பொருந்தியிருந்தும் பிள்ளையின் மனம் அங்கே தங்க மறுத்தால் என்ன செய்வது? காகிதத்தில் பல குறைகள் இருந்தும் பிள்ளையின் மனம் ஓரிடத்தில் அமைதி காணுமானால் அதற்கு என்ன மதிப்புக் கொடுப்பது? இன்றைய உரையில் இதைப் பற்றியே உங்களோடு சற்றுப் பேச விரும்புகின்றேன்.

நோர்வூட் கடைவீதியில் வாழும் ஒரு குடும்பத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். இது எவருடைய கதையுமல்ல, பெயரும் வேண்டாம். பெயர் சொல்லிவிட்டால் நாம் உரையைக் கேட்பதை விட்டுவிட்டு யாருடைய வீடு என்று தேடத் தொடங்கிவிடுவோம். அந்த வீட்டின் மூத்த மகள் ஓர் ஆசிரியை. அவளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு இடங்களிலிருந்து பேச்சு வருகிறது.

முதலாவது, கண்டியைச் சேர்ந்த ஒரு பொறியியலாளர், கட்டாரில் தொழில். தொழுகை உண்டு, கெட்ட பழக்கம் எதுவுமில்லை, சொந்த வீடு உண்டு. சீதனம் கேட்கவில்லை. “உங்கள் பிள்ளைக்கு நீங்கள் விரும்பியதைச் செய்யுங்கள்” என்ற அந்த வழக்கமான வாசகத்தை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டாரின் முன்னிலையில் அவர் அவளோடு இரண்டு முறை தொலைபேசியில் பேசினார். அவளுடைய சம்பளம் எவ்வளவு, இடமாற்றம் கிடைக்குமா, ஆங்கிலம் சரளமாக வருமா என்று கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் தொலைபேசியை வைத்தபோது நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்தவளைப் போல அவளுக்கு உள்ளங்கை வியர்த்திருந்தது.

இரண்டாவது, அதே கடைவீதியில் வாடகைக் கடையொன்றில் இரும்புச் சாமான் விற்கும் இளைஞன். சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. பேச்சிலே சற்றுத் திக்கல் உண்டு. கடையின் பேரில் கடன் உண்டு. நோயாளித் தாயார் வீட்டில் இருக்கிறார். ஆனால் 2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் மக்கள் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற நாட்களில், அவளுடைய வாப்பாவுக்கு ஓர் இரவு நெஞ்சு வலித்தபோது, கடைக்காகச் சேமித்து வைத்திருந்த பெற்றோலை முச்சக்கர வண்டியில் ஊற்றி அவரை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவன் அவன்தான். அதைப் பற்றி அவன் எவரிடமும் பேசவில்லை. அவன் தன் தாயாருக்கு எப்படிப் பதில் சொல்கிறான், கடைப் பையனை எப்படி நடத்துகிறான், கடன் கேட்டு வரும் தோட்டத்து மக்களை எப்படித் திருப்பி அனுப்புகிறான் என்பதையெல்லாம் அவள் வருடக்கணக்காக எதிர் வீட்டிலிருந்து கண்டிருக்கிறாள். தன் உம்மாவிடம் அவள் சொன்னது ஒரு வார்த்தைதான். அங்கே தனக்குப் பயமில்லை என்றாள்.

வாப்பா என்ன சொல்வார்? நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்வோமோ அதைத்தான் சொல்வார். “படித்த பிள்ளையை இரும்புக் கடைக்கு அனுப்புவதா? சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்?” என்பார்.

இந்த வாப்பாவை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் தம் வாழ்நாள் முழுவதும் வாடகைக் கடையில் நின்று, மழைக்கால வியாபாரத்தையும் கடன் புத்தகத்தையும் கண்டு களைத்தவர். மகளுக்கும் அதே வாழ்க்கை வேண்டாம் என்று அவர் நினைப்பது அன்பின் காரணமாகத்தான். வறுமையை அனுபவிக்காதவர்கள்தாம் வறுமையைப் பற்றி இலேசாகப் பேசுவார்கள். ஆனால் அவர் கையில் வைத்திருக்கும் அளவுகோல் எதை அளக்கும், எதை அளக்காது என்பதை நாம் சற்றுச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

மலையகத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொழிற்சாலையில் தேயிலையைச் சல்லடையிட்டுத் தரம் பிரிக்கிறார்களே, பீ.ஓ.பீ. என்றும் ஓ.பீ. என்றும் பெயரிட்டு மூட்டைகளில் எழுதுகிறார்களே, அந்தப் பெயர்கள் எதைக் குறிக்கின்றன? இலைத் துண்டின் அளவையும் தோற்றத்தையும்தான். கோப்பையில் ஊற்றினால் சுவை எப்படியிருக்கும் என்பதை அந்தப் பெயர் சொல்லாது. ஒரே தரப் பெயரைக் கொண்ட இரண்டு தோட்டத்துத் தேயிலைகள் வெவ்வேறு விலைக்குப் போவதை நாம் அறிவோம். கொழும்பில் 1883ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஏலம் இன்றுவரை சுவை பார்ப்பவர்களை நம்பித்தான் நடக்கிறது. மூட்டையின் மேல் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து எந்த வியாபாரியும் காசு கொடுப்பதில்லை. சுவை பார்ப்பவர் ஒரு வாய் உறிஞ்சிப் பார்க்காமல் விலை சொல்லமாட்டார். தேயிலைக்கு நாம் கொடுக்கும் இந்த அவதானத்தைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பது அதிகமாகிவிடுமா?

அன்புக்குரியவர்களே! அல்குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் 21ஆம் வசனத்தை நம் திருமண அழைப்பிதழ்களில் எல்லாம் அச்சிடுகிறோம். அதன் கருத்தைச் சற்று நின்று பார்ப்போம். அல்லாஹ் மனிதர்களுக்கு அவர்களிலிருந்தே துணைகளைப் படைத்தது, அவர்களிடத்தில் போய் இவர்கள் அமைதி பெறுவதற்காகவே என்று அங்கே காரணம் கூறப்படுகிறது. அதன் பின்னரே இருவருக்குமிடையில் அன்பும் இரக்கமும் ஏற்படுத்தப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த அமைதியைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வேர், அலைந்து திரிந்தது அசைவற்று ஓரிடத்தில் தங்குவதைக் குறிப்பது. குடியிருக்கும் வீட்டுக்கு அரபு மொழியில் வழங்கும் ‘மஸ்கன்’ என்ற பெயரும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். களைத்தவன் போய்த் தங்கும் இடம் என்பது அதன் பொருள். அந்த வசனத்தில் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை.

இரக்கம் என்ற சொல் அங்கே ஏன் வந்தது என்றும் சிந்தித்துப் பாருங்கள். குறையே இல்லாதவரிடம் காட்ட இரக்கம் எதற்கு? இருவரிடமும் குறை இருக்கும் என்பது அங்கே ஏற்கெனவே கருத்தில் கொள்ளப்பட்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு முதல் முன்மாதிரி அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வீடுதான். இன்றைய தரகர் ஒருவர் அந்தத் திருமணத்தைக் காகிதத்தில் எழுதினால் என்ன எழுதுவார்? மணமகள் விதவை, வயதில் மூத்தவர், நாற்பது என்பதே பரவலாகச் சொல்லப்படுகிறது, பிள்ளைகள் உண்டு. மணமகன் இருபத்தைந்து வயது; தாய் தந்தையை இழந்தவர்; சொந்த மூலதனம் இல்லை; மணமகளிடமே சம்பளத்துக்கு வணிகம் செய்தவர். இரண்டு பக்கத்தாரும் தலையை ஆட்டி மறுத்துவிடக்கூடிய பேச்சு அது. ஆனால் கதீஜா (ரழி) அவர்கள் காகிதத்தைப் பார்க்கவில்லை. சிரியாவுக்குச் சென்ற வணிகப் பயணத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை உடன் சென்ற பணியாளர் மைஸராவின் வாயிலாகக் கேட்டறிந்தார்கள். பின்னர் நஃபீஸா என்ற தோழியின் மூலம் தாமே பேச்சை ஆரம்பித்தார்கள்.

அந்தத் தெரிவின் பெறுமதி பதினைந்து வருடங்களின் பின்னர் தெரிந்தது. கி.பி. 610ஆம் ஆண்டு ஹிராக் குகையில் முதல் வஹீ இறங்கியபோது, உடல் நடுங்கிய நிலையில் நபியவர்கள் எங்கே ஓடி வந்தார்கள்? ஊர்த் தலைவர்களிடமல்ல, பாட்டனாரின் நண்பர்களிடமல்ல, மனைவியிடம் வந்தார்கள். தம்மைப் போர்த்திவிடும்படி கேட்டார்கள். அவர் போர்த்திவிட்டார். நடுக்கம் தணியும்வரை இருந்து, அதன் பின்னரே பேசினார். அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான் என்று சொல்லி அதற்குக் காரணங்களை அடுக்கினார். உறவுகளைப் பேணுவது, பலவீனர்களின் சுமையைத் தாங்குவது, விருந்தினரை உபசரிப்பது, துன்பத்தில் உதவுவது என்ற அவை யாவும் அவர் பக்கத்திலிருந்து கண்டு வைத்திருந்த குணங்கள். இந்தச் சம்பவம் ஸஹீஹுல் புகாரியின் ஆரம்பப் பகுதியிலேயே வருகிறது. பயந்து வரும் ஒருவரை ஒரு வார்த்தையும் கேட்காமல் போர்த்திவிடும் மனிதர் எவரோ, அவரைத் தேடுவதுதான் துணை தேடுவது.

இனி, நமது பேச்சுக்கு மிக நெருக்கமான மற்றொரு சம்பவத்துக்கு வருகின்றேன். பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்கள் குறைஷிக் குலத்துப் பெண்மணி. கணவர் அவரை மூன்று முறையும் விவாகரத்துச் செய்துவிட்டார். இத்தாக் காலத்தைப் பார்வையற்ற தோழரான இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் வீட்டில் கழித்தார். இத்தா முடிந்ததும் அவரைப் பெண் கேட்டு இருவர் வந்தார்கள். ஒருவர் முஆவியா, மற்றவர் அபூ ஜஹ்ம். இருவரும் குறைஷிகள், குலத்தில் குறை சொல்ல இடமில்லை. அவர் நபியவர்களிடம் ஆலோசனை கேட்டார். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் அந்தப் பதிலின் கருத்து, அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர், முஆவியா சொத்தில்லாத ஏழை, நீ உஸாமாவை மணந்துகொள் என்பதாகும்.

உஸாமா யார்? விடுதலை செய்யப்பட்ட அடிமையான ஸைத் (ரழி) அவர்களின் மகன். தாயார் உம்மு ஐமன் அபிசீனியப் பெண். உஸாமா கறுத்த நிறத்தவர், பாத்திமாவைவிட இளையவர். பாத்திமா “உஸாமாவா!” என்று கையை அசைத்துத் தம் விருப்பமின்மையைக் காட்டியதாக அறிவிப்பில் வருகிறது. அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் கட்டுப்படுவது உனக்குச் சிறந்தது என்று நபியவர்கள் சொன்னதும் அவர் ஏற்றுக்கொண்டார். அந்த மணவாழ்வில் அல்லாஹ் நலவை வைத்தான் என்றும், மற்றவர்கள் பார்த்து ஏங்கும் வாழ்வு தமக்குக் கிடைத்தது என்றும் பிற்காலத்தில் பாத்திமாவே தம் வாயால் கூறினார்.

இந்த ஹதீஸை மேலோட்டமாகக் கேட்டால் பெண்ணின் விருப்பத்துக்கு எதிராகச் சொல்லப்பட்டது போலத் தோன்றலாம். நின்று பாருங்கள். அவருடைய தயக்கம் உஸாமாவின் குணத்தைப் பற்றியதல்ல. குலமும் அந்தஸ்துமாகிய அந்தப் பட்டியல்தான் அவரைத் தயங்கவைத்தது. பட்டியலில் முதலிடம் பெற்றவரிடம் தடி இருந்தது. பட்டியலில் கடைசியில் நின்றவரிடம் அமைதி இருந்தது. குடும்ப வாழ்வில் பெண்ணை அடிப்பவரை, அவர் எத்துணைப் பெரிய குடும்பத்தவராயினும், நபியவர்கள் முதல் வாக்கியத்திலேயே விலக்கிவிட்டார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இங்கே நேர்மையாக மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். முஆவியாவின் வறுமையை நபியவர்கள் ஒரு காரணமாகவே சொன்னார்கள். ஆகவே, வருமானத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்பது உலக ஆசை என்று எவரும் ஏளனம் செய்யலாகாது. அடுப்பு எரிய வேண்டும், வாடகை கட்ட வேண்டும். ஆனால் அதே முஆவியா கி.பி. 661 முதல் 680 வரை டமஸ்கஸிலிருந்து ஒரு பேரரசையே ஆண்டார் என்பதையும் வரலாறு சொல்கிறது. வருமானம் மாறும். இன்று கட்டாரில் உள்ள வேலை நாளை இல்லாமற் போகலாம். இன்றைய வாடகைக் கடை பத்து வருடத்தில் சொந்தக் கடையாகலாம். தோளில் இருக்கும் தடி அவ்வளவு இலேசில் மாறுவதில்லை. எந்தக் குறை காலத்தோடு தீரும், எந்தக் குறை காலத்தோடு முற்றும் என்று பிரித்தறிவதே பெற்றோரின் அனுபவம் பிள்ளைக்கு உதவ வேண்டிய இடம்.

திக்கிப் பேசுவது குறைதான். கடன் இருப்பதும் குறைதான். கோபத்தில் கை நீட்டுவதும், குடிப்பதும், போதைப்பொருளும், பொய்யும் அந்த வரிசையில் வைக்கத் தக்கவை அல்ல. குறையுள்ள அன்பை ஏற்றுக்கொள்ளலாம் என்று நான் சொல்வதைக் கேட்டு, அடிக்கும் ஒருவனை மணந்து திருத்திவிடலாம் என்று எந்தச் சகோதரியும் எண்ணிவிட வேண்டாம். பெண்ணின் வாழ்வு எவரையும் திருத்தும் பயிற்சிக்கூடமல்ல. திக்கலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: தம் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடும்படி இறைவனிடம் வேண்டிய மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னின் முன்னிலையில் நின்று பேசினார்கள்.

காகிதத்தில் குறையில்லாத மணம் எப்படியும் நன்றாகவே அமையும் என்று எண்ணுவோருக்கு ஸாபித் பின் கைஸ் (ரழி) அவர்களின் மனைவியின் சம்பவத்தை நினைவூட்ட விரும்புகின்றேன். ஸாபித் சாதாரணமானவர் அல்லர். நபியவர்களின் சபையில் பேச்சாளராக விளங்கியவர். சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்டவர். அவருடைய மனைவி நபியவர்களிடம் வந்து, அவருடைய மார்க்கத்திலோ குணத்திலோ தாம் எந்தக் குறையும் காணவில்லை என்றும், ஆயினும் அவரோடு வாழ்ந்து நன்றி கெட்டவளாகிவிடத் தாம் அஞ்சுவதாகவும் முறையிட்டார். நபியவர்கள் அவரைக் கடிந்துகொண்டார்களா? இவ்வளவு நல்ல மனிதரை விட்டுப் போகிறாயே என்று கேட்டார்களா? இல்லை. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதமா என்று மட்டும் கேட்டார்கள். சம்மதம் என்றார். தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு அவரை விடுவிக்கும்படி ஸாபிதிடம் கூறினார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. நல்லவர் ஒருவரிடத்திலும் ஒரு நல்ல பெண்ணின் மனம் தங்காமற் போகலாம். அது இருவரில் எவருடைய குற்றமுமல்ல. மணமுடித்த பின் இதைக் கண்டுபிடிப்பதைவிட முன்னரே கேட்டறிவது இரு வீட்டாருக்கும் நல்லது.

இளைய சகோதரர்களே, இப்போது உங்கள் பக்கம் திரும்புகின்றேன். இவ்வளவு நேரமும் உங்களுக்கு ஆதரவாகவே பேசுகின்றேன் என்று நீங்கள் மகிழ்ந்திருக்கலாம். மனம் ஒருவரை விரும்புவது பாவமல்ல. ஒருவரையொருவர் விரும்பும் இருவருக்குத் திருமணத்தைப் போன்ற வேறொன்று இல்லை என்ற கருத்துள்ள ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது. ஆனால் ஒளித்து வைத்த தொலைபேசியும், பெற்றோருக்குத் தெரியாத சந்திப்புகளும், ஹட்டன் பஸ் நிலையத்தில் காத்து நிற்பதும் விருப்பம் என்ற பெயருக்கு உரியன அல்ல. விரும்பினால் அவளுடைய வீட்டு வாசலுக்கு வாருங்கள். வாசலுக்கு வரத் துணிவில்லாதவன், நாளை கடன்காரர் வாசலுக்கு வரும்போது அவளோடு நிற்பான் என்று எப்படி நம்புவது?

வந்த பின்னர் அவள் மறுத்தாலோ? முகீஸ் என்ற தோழரைப் பாருங்கள். அவருடைய மனைவி பரீரா (ரழி) அடிமைத்தளையிலிருந்து விடுதலையானதும், மணவாழ்வைத் தொடர்வதா முறிப்பதா என்ற உரிமையைப் பெற்றார், முறித்துக்கொண்டார். முகீஸ் மதீனாவின் தெருக்களில் கண்ணீர் தாடியில் வடிய அவர் பின்னால் நடந்தார். நபியவர்களின் மனமே இளகிவிட்டது. அவரிடம் திரும்பிப் போகலாமே என்று பரீராவிடம் கூறினார்கள். இது கட்டளையா என்று கேட்டார் பரீரா. இல்லை, பரிந்துரைதான் என்றார்கள் நபியவர்கள். அப்படியானால் தமக்கு அவர் தேவையில்லை என்று பரீரா சொல்லிவிட்டார். அத்துடன் பேச்சு முடிந்தது. நபியவர்களின் பரிந்துரையையே ஏற்காமல் விட ஒரு பெண்ணுக்கு உரிமை இருந்தது என்றால், மாமாவின் பரிந்துரையும் தரகரின் பரிந்துரையும் எம்மாத்திரம்! காதலனின் கண்ணீருக்கும் அதே பதில்தான்.

ஆண் பிள்ளைகளின் காகிதமும் இதைவிட நல்லதல்ல. வெள்ளை நிறம், இளவயது, பட்டப்படிப்பு, அரசாங்க வேலை, இத்தனையும் இருந்து சமைக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறோம். ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரழி) இளைஞர். தந்தையார் உஹதுப் போரில் ஷஹீதானார். அவர் ஏற்கெனவே மணமாகியிருந்த ஒரு பெண்ணை முடித்தார். கன்னிப் பெண்ணை முடித்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டார்கள். தந்தையார் பெண் பிள்ளைகள் பலரை விட்டுச் சென்றிருக்கிறார், அவர்களைப் போலவே விபரமறியாத ஒருத்தியைக் கொண்டுவர விரும்பவில்லை, அவர்களுக்குத் தலை வாரிவிட்டுப் பார்த்துக்கொள்ளும் ஒருவரையே தேடினேன் என்று ஜாபிர் பதிலளித்தார். நபியவர்கள் அதைப் பாராட்டினார்கள். தன் வீட்டில் என்ன இல்லை என்பதை அறிந்து துணை தேடிய இளைஞர் அவர். விதவை, மணமுறிவு பெற்றவர் என்ற ஒரே காரணத்துக்காகக் காகிதத்தைத் திருப்பி அனுப்பும் வீடுகள் ஜாபிரின் வீட்டை நினைத்துப் பார்க்கட்டும்.

பெற்றோர்களே! காகிதம் என்றவுடன் நம் நாட்டின் திருமணப் பதிவுக் காகிதத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. மணமகன் ஒப்பமிடுகிறார், வலீ ஒப்பமிடுகிறார். யாருடைய வாழ்வு அங்கே முடிவாகிறதோ அவளுடைய எழுத்துக்கு இடம் வைக்கப்படவில்லை. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009ஆம் ஆண்டு நியமிக்கப்பட்டு 2018ஆம் ஆண்டு அறிக்கை கையளித்த குழு ஆராய்ந்த விடயங்களுள் இதுவும் ஒன்று. சட்டத்தை மாற்றுவது பற்றிய வாதங்களுக்கு இந்த உரையில் நேரமில்லை. ஆனால் சட்டம் கேட்காவிட்டாலும் தந்தை கேட்கலாமே! தடுப்பவர் யார்? தம் விருப்பமின்றித் தந்தை செய்து வைத்த மணத்தைப் பற்றி முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களின் மணத்தை நபியவர்கள் இரத்துச் செய்தார்கள் என்பது புகாரியில் இருக்கிறது.

வலீ என்பவர் பாதுகாவலர். தகுந்த ஒருவரைப் பெண் விரும்பியிருக்க, நியாயமான காரணமின்றி வலீ சம்மதத்தை மறுத்தால், காதியாரிடம் முறையிட அதே சட்டத்தின் 47ஆம் பிரிவு பெண்ணுக்கு வழி வைத்திருக்கிறது. காதியார் விசாரித்து, வலீயின் சம்மதமின்றியே மணத்துக்கு அனுமதி வழங்கலாம். நமது ஷாபிஈ மத்ஹபில் பேசப்படும் ‘கபாஅத்’ என்னும் பொருத்தமும் பெண்ணுக்கும் வலீக்கும் உரிய பாதுகாப்பு. இருவரும் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மணம் செல்லும் என்றே சட்ட அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகள் காதியாரிடம் போக வேண்டிய நிலையை ஏற்படுத்தாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கின்றேன்.

முன்னர் சொன்ன அந்த வாப்பா என்ன செய்யலாம்? முதலாவதாக, அவர் தம் மகளைத் தனியே உட்காரவைத்து, “ஏன் மகள், அந்தப் பிள்ளையில் என்னத்தைக் கண்டீர்கள்?” என்று கேட்கலாம். கேட்டுவிட்டு இடையில் பேசாமல் இருக்க வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி. “அவர் அழகாகப் பேசுகிறார்” என்பது அவள் பதிலானால் வாப்பா இன்னும் விசாரிக்கட்டும். “அவர் தன் உம்மாவோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன்” என்பது பதிலானால், அவள் பல மௌலவிமாரைவிட நன்றாக விசாரித்திருக்கிறாள். இரண்டாவதாக, அவர் கடைவீதியில் இறங்கட்டும். கொடுக்கல் வாங்கல் எப்படி, கடன் எவ்வளவு, எதற்காக வாங்கியது, தவணை தவறியதா என்று மொத்த வியாபாரியிடம் கேட்கட்டும். அந்த இளைஞனிடமே கடன் கணக்கைக் கேட்கட்டும். ஒளிக்காமல் காட்டுகிறானா என்று பார்க்கட்டும். மகள் தொழிலைத் தொடர்வதைப் பற்றியும், நோயாளித் தாயாரைப் பராமரிக்கும் பொறுப்பு எவர்மீது விழும் என்பதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளட்டும். அன்பிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணி இவற்றைப் பேசாமல் விடுவதனால்தான் பல நல்ல மணங்கள் மூன்றாம் வருடத்தில் கசக்கின்றன. அவ்விருவரும் உம்மா வாப்பாவின் முன்னிலையில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசவும் வேண்டும். பெண் பேசிய முகீரா பின் ஷுஃபா (ரழி) அவர்களிடம், போய் அவளைப் பார்த்துக்கொள், உங்களிடையே இணக்கம் நிலைக்க அது ஏற்றது என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னது நம் வீடுகளில் சடங்காகிவிட்டது. தேநீர்த் தட்டோடு ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவது பார்ப்பதாகாது.

கண்டிப் பொறியியலாளருக்கும் நாம் நியாயம் செய்ய வேண்டும். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவரிடம் மனம் அமைதியடையும் பெண் எங்கோ ஒரு வீட்டில் இருப்பாள். மனமில்லாத பிள்ளையை அவருக்குக் கொடுப்பது அவருக்கும் செய்யும் அநியாயம். “யோசித்துச் சொல்கிறோம்” என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்காமல், நல்ல வார்த்தையில் உரிய காலத்தில் பதில் சொல்லிவிடுவதே மரியாதை.

இஸ்திகாராவைப் பற்றிய ஒரு விளக்கத்தோடு முடிக்கின்றேன். இஸ்திகாராவின் துஆவை நமக்கு அறிவித்தவர்களுள் ஒருவர், தம் சகோதரிகளுக்காகத் துணை தேடிய அதே ஜாபிர் (ரழி) அவர்கள்தாம். நம்மில் பலர் அதைத் தகப்பன் தொழுது கனவு காணும் ஒரு முறையாக எண்ணியிருக்கிறோம். அந்த ஹதீஸில் கனவைப் பற்றி எதுவுமில்லை. ஒரு காரியத்தை நாடும் மனிதரே இரண்டு ரக்அத் தொழுது, அது தனக்கு நலவானால் இலேசாக்கித் தருமாறும், தீங்கானால் திருப்பிவிடுமாறும், நலவு எங்கிருந்தாலும் அதைத் தந்து அதில் மனநிறைவை அளிக்குமாறும் கேட்பதே அது. ஆகவே, வாப்பாவும் தொழட்டும், உம்மாவும் தொழட்டும். வாழப்போகும் பிள்ளை கட்டாயம் தொழட்டும். இன்றிரவு இஷாவுக்குப் பின் உங்கள் வீட்டில் அப்படியொரு பேச்சு நடக்க இருந்தால், பேச்சைத் தொடங்கும் முன்னர் அந்த இரண்டு ரக்அத்தைத் தொழ அவளுக்கு நேரம் கொடுங்கள்.